எம்.பி. எப்படி வாக்களித்தார்? கட்சி நிலைப்பாட்டோடு ஒப்பிடும் முன் தெரிய வேண்டியவை

தேர்தல் நெருங்கினால் இரண்டு விதமான அட்டைகள் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கும். "உங்கள் தொகுதி எம்.பி. இந்த மசோதாவுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவர், மறந்துவிடாதீர்கள்" என்பது ஒன்று. "எங்கள் எம்.பி. நூற்றுக்கு நூறு கட்சியோடு நின்றவர்" என்பது இன்னொன்று. இரண்டையும் நம்மில் பலர் யோசிக்காமல் அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறோம்.

அனுப்பும் முன் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். அந்த வாக்கு அவர் பெயரில் பதிவானதா? கட்சி அவருக்கு உத்தரவு போட்டிருந்ததா? அன்றைய தேதியில் கட்சியின் நிலைப்பாடு என்ன? அவர் அவையில் இருந்தாரா? இந்தியாவைப் பொறுத்தவரை முதல் கேள்வியிலேயே பெரும்பாலான அட்டைகள் விழுந்துவிடும். ஏனென்றால், நம் நாடாளுமன்றத்தில் நிறைவேறும் பெரும்பாலான மசோதாக்களில் எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் நின்றார் என்ற பதிவே கிடையாது.

ஊர்க் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்

கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தலைக்கட்டு வரி ரூ.2,000 போடலாம் என்று ஊர்க் கூட்டத்தில் பேச்சு வருகிறது. நாட்டாமை, "எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்று கேட்கிறார். "சம்மதம்" என்று சத்தம் எழுகிறது. முடிந்தது. யார் சொன்னார், யார் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்று பிறகு யாராலும் நிரூபிக்க முடியாது.

ஒருவர் எழுந்து, "நோட்டை எடுங்க, ஒவ்வொருத்தரா பேரைச் சொல்லி எழுதுங்க" என்கிறார். இப்போது நிலைமை வேறு. வேண்டாம் என்றவர் பெயர், எந்தப் பக்கமும் இல்லை என்றவர் பெயர் எல்லாம் நோட்டில் ஏறுகிறது. வராதவர் பெயர் மட்டும் ஏறாது. அவர் வெளியூர் போயிருக்கலாம். வேண்டாம் என்று சொல்ல மனம் வராமல் வீட்டிலேயே இருந்திருக்கவும் கூடும்.

இதற்கு நடுவில், ஒரு பங்காளி வகையறாவின் மூத்தவர் தம் ஆட்களிடம் முதல் நாள் இரவே, "நம்ம வகையறா மொத்தமும் சம்மதம் சொல்லணும்" என்று சொல்லி வைத்திருக்கிறார். நோட்டில் அவர்கள் அத்தனை பேரும் 'சம்மதம்' என்றால் அது அவரவர் மனசா, மூத்தவர் சொல்லா? நோட்டைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

சத்தம், நோட்டு, வராதவர், மூத்தவர். நாடாளுமன்ற வாக்கெடுப்பும் இந்த நான்கில் அடங்கும்.

சத்தமும் நோட்டும்

குரல் வாக்கெடுப்பு என்பது, அவைத்தலைவர் கேள்வியை முன்வைத்து, "ஆம்", "இல்லை" என்ற குரல்களில் எது ஓங்கியது என்று தம் கணிப்பைச் சொல்லும் முறை. தமிழக சட்டப்பேரவையில் "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்று கேட்பது இதுதான். இதில் பெயரும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை.

டிவிஷன் என்பது ஒவ்வொரு உறுப்பினரின் வாக்கையும் எண்ணிப் பதிவு செய்யும் முறை. சாதாரண மசோதாவில், அவைத்தலைவரின் கணிப்பை ஏற்க மறுத்து உறுப்பினர் ஒருவர் கேட்டால்தான் இது நடக்கும். மக்களவையில் டிவிஷனுக்கு உத்தரவானதும் மணி அடித்து, மூன்றரை நிமிடம் அவகாசம் தருவார்கள். காரிடாரிலும் கேன்டீனிலும் இருப்பவர்கள் ஓடி வருவது அப்போதுதான். பிறகு கதவு சாத்தப்படும். இருக்கையில் உள்ள பொத்தான்களில் பச்சை ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் எந்தப் பக்கமும் இல்லை. அழுத்த 10 நொடி.

பத்து நொடிக்குள் பொத்தான் சரியாகப் பதியாதவரும் மாற்றி அழுத்தியவரும் எப்போதும் உண்டு. அவர்களுக்குச் சீட்டு கொடுப்பார்கள். அதனால்தான் முடிவை அறிவிக்கும்போது "திருத்தத்துக்கு உட்பட்டு" என்ற சொல்லோடு தொடங்குகிறார்கள். 2024 டிசம்பர் 17 அன்று 'ஒரே நாடு ஒரே தேர்தல்' மசோதா அறிமுகத்தின்போது இயந்திரம் முதலில் காட்டியது 220–149. சீட்டுகளை எண்ணிச் சேர்த்த பிறகு ஆதரவு 260ஐத் தாண்டியது, எதிர்ப்பு 198 ஆனது. முதல் திரையைப் படம் பிடித்து "நம்ம எம்.பி. வரவே இல்லை" என்று பரப்பியிருந்தால், சீட்டில் வாக்களித்த பல பேர் மீது அது பொய்ப்பழி.

டிவிஷன் கேட்டாலும் கிடைக்காமல் போனதுண்டு. 2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவைக்கு வந்தபோது, எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டுக் கூச்சலிட, குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறின. நாடு முழுவதையும் போராட்டத்தில் இறக்கிய சட்டங்களுக்கு அந்த அவையில் ஒரு உறுப்பினரின் வாக்குக்கூடப் பெயரோடு பதிவாகவில்லை. இது சாதாரணக் குறையில்லை. மக்கள் கணக்குக் கேட்க வேண்டிய இடத்தில் கணக்கு நோட்டே இல்லாமல் போனது.

இதுவரை சொன்னதன் சாரம்: டிவிஷன் நடந்தால் மட்டுமே 'வாக்களித்தார்' என்று ஒருவர் பெயர் சொல்லிப் பேச முடியும். குரல் வாக்கெடுப்பில் கட்சி என்ன சொன்னது என்பதுதான் தெரியும்.

மூத்தவரின் சொல்: கொறடா

கட்சி உறுப்பினர்களை அவைக்கு வரவழைத்து, எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சியின் சார்பில் அறிவிப்பவர் கொறடா. அவர் அனுப்பும் எழுத்து உத்தரவில் முக்கிய வரியின் கீழ் எத்தனை கோடு போடப்பட்டிருக்கிறதோ அதை வைத்து அதன் கடுமை. ஒரு கோடு என்றால் தகவல். இரண்டு என்றால் அவைக்கு வந்தாக வேண்டும். மூன்று என்றால் வந்து, கட்சி சொன்னபடி வாக்களிக்கவும் வேண்டும்.

மீறினால்? 1985இல் வந்த 52ஆவது அரசமைப்புத் திருத்தம் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது. அதைத்தான் கட்சித் தாவல் தடைச் சட்டம் என்கிறோம். பதவி பறிபோக அதில் இரண்டு முக்கிய வழிகள். ஒன்று, தானாக முன்வந்து கட்சியைக் கைவிடுவது. இன்னொன்று, கட்சி உத்தரவுக்கு மாறாக வாக்களிப்பது, அல்லது வாக்களிக்காமல் இருப்பது. முன்அனுமதி வாங்கியிருந்தால் தப்பலாம். கட்சி 15 நாளுக்குள் மன்னித்துவிட்டாலும் தப்பலாம். முடிவெடுப்பவர் மக்களவையிலும் சட்டப்பேரவையிலும் சபாநாயகர், மாநிலங்களவையில் அதன் தலைவர்.

இந்தக் கொறடாவின் பிடி கடைசிவரை போகக்கூடாது, ஆட்சி கவிழும் வாக்கெடுப்புக்கும் கட்சியின் அடிப்படைக் கொள்கைக்கும் மட்டும் அது பொருந்துவது நல்லது என்பது 1992இல் உச்ச நீதிமன்றம் கிஹோட்டோ ஹோலோஹன் வழக்கில் சொன்ன கருத்தின் சாரம். சட்டத்தின் வாசகம் மாறவில்லை. சாதாரண மசோதாவுக்கும் மூன்று கோடு போடும் வழக்கம் தொடர்கிறது.

ஆகவே இந்தியாவில் ஒரு எம்.பி. கட்சியோடு நூற்றுக்கு நூறு ஒத்துப்போனார் என்றால், அதில் அவருடைய விசுவாசத்தைவிடச் சட்டத்தின் பயம்தான் அதிகம் தெரியும். அதைப் பாராட்டாகவும் சொல்ல முடியாது, குற்றமாகவும் சொல்ல முடியாது.

உத்தரவு இல்லாத அரிய நேரங்களில்தான் உண்மையான மனம் வெளியே வரும். 2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்த மசோதா மாநிலங்களவைக்கு வந்தபோது பிஜு ஜனதா தளம் கொறடா உத்தரவு இல்லை, மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று அறிவித்தது. மசோதா 128–95இல் நிறைவேறியது. அந்தக் கட்சி உறுப்பினர்களின் அன்றைய வாக்கை அவரவர் பெயரிலேயே எழுதலாம்.

வாக்களித்தவர் தப்பினார், வாக்களிக்காதவர் பதவி இழந்தார்

தமிழக சட்டப்பேரவையில் 2017இல் நடந்ததைவிட இந்தச் சட்டத்தைத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு வேறு கிடைப்பது கடினம்.

2017 பிப்ரவரி 18. எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்குக் கோருகிறார். தி.மு.க. உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். ஆதரவு 122, எதிர்ப்பு 11. எதிர்த்த 11 பேரும் ஓ. பன்னீர்செல்வம் உள்ளிட்ட அ.தி.மு.க.வினர். சொந்தக் கட்சி ஆட்சிக்கு எதிராக, அவையில் எல்லோரும் பார்க்க எழுந்து நின்று வாக்களித்தவர்கள். ஆகஸ்டில் இரு அணிகளும் இணைந்தன. பன்னீர்செல்வம் துணை முதல்வர் ஆனார். தகுதி நீக்கம் கோரி தி.மு.க. நீதிமன்றம் போயிற்று. 2021இல் பேரவைக் காலம் முடியும்வரை அந்த 11 பேரில் ஒருவர்கூடப் பதவி இழக்கவில்லை.

அதே ஆகஸ்ட் 22. டி.டி.வி. தினகரனை ஆதரித்த 19 எம்.எல்.ஏ.க்கள் முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அவையில் அவர்கள் எதிர்த்து ஒரு வாக்கும் போடவில்லை. ஒருவர் திரும்பிவிட, மற்ற 18 பேரையும் செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். கடிதம் கொடுத்ததே 'தானாகக் கட்சியைக் கைவிட்டது' ஆகும் என்பது காரணம். உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்புத் தர, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபர் 25 அன்று தகுதி நீக்கத்தை உறுதி செய்தார். 18 தொகுதிகளும் 2019 வரை எம்.எல்.ஏ. இல்லாமல் கிடந்தன.

வாக்குப் பதிவேட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் 11 பேர் கட்சிக்கு எதிரானவர்கள், 18 பேர் கட்சியோடு நின்றவர்கள். சட்டத்தின் கண்ணில் கிடைத்த விளைவு நேர்தலைகீழ். பதிவேட்டை இப்படிப் பின்னணி இல்லாமல் படிப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இது ஒன்றே போதும்.

சாரம்: கொறடா உத்தரவு இருந்ததா என்று தெரியாமல் ஒரு வாக்குக்கு அர்த்தம் சொல்லக்கூடாது. தண்டனை கிடைத்ததா என்பதை வைத்தும் ஒருவர் கட்சியை மீறினாரா என்று முடிவு செய்யக்கூடாது.

கட்சியின் நிலைப்பாடு எங்கே எழுதியிருக்கிறது?

ஒப்பிட இரண்டு பக்கம் வேண்டும். ஒரு பக்கம் உறுப்பினரின் வாக்கு. மறுபக்கம் கட்சி நிலைப்பாடு. இது தேர்தல் அறிக்கையில் ஒன்று, தலைவர் பேட்டியில் ஒன்று, அவையில் ஒன்று என்று இருக்கும். போதாததற்கு இரண்டு அவைகளில் இரண்டாகவும் இருக்கும்.

2019 ஜூலை 25 அன்று முத்தலாக் மசோதா மக்களவையில் 303–82இல் நிறைவேறியபோது அ.தி.மு.க.வின் ஒரே மக்களவை உறுப்பினர் ஓ.பி. ரவீந்திரநாத் குமார் அதை ஆதரித்தார். ஐந்து நாள் கழித்து மாநிலங்களவையில் அதே கட்சி மசோதாவை எதிர்த்துப் பேசி வெளிநடப்புச் செய்தது. கட்சி நிலைப்பாடு எது? அந்த ஆண்டு டிசம்பரில் குடியுரிமைத் திருத்த மசோதாவை மக்களவையில் ஆதரித்த சிவசேனா, இரண்டு நாள் கழித்து மாநிலங்களவையில் வெளிநடப்புச் செய்தது. அதே மசோதாவுக்கு மாநிலங்களவையில் வாக்களித்த அ.தி.மு.க., 2021 தேர்தல் அறிக்கையில் அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற வலியுறுத்துவோம் என்றது. 2021 அறிக்கையை வைத்து 2019 வாக்கை அளந்தால் மொத்தக் கட்சியும் தன்னையே மீறியதாக ஆகிவிடும். வாக்கெடுப்பு நடந்த நாளில், அந்த அவையில் கட்சி சொன்னதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. 2019இல் விழுப்புரத்தில் வென்ற ரவிக்குமார் விடுதலைச் சிறுத்தைகள் கட்சிக்காரர், ஆனால் நின்றது உதயசூரியன் சின்னத்தில். ஈரோட்டில் வென்ற ம.தி.மு.க.வின் கணேசமூர்த்தியும் அப்படியே. யார் சின்னத்தில் வென்றாரோ அந்தக் கட்சியின் உறுப்பினராகத்தான் அவை கணக்கில் கொள்ளும். இவர்கள் வாக்கை வி.சி.க., ம.தி.மு.க. நிலைப்பாட்டோடு ஒப்பிட்டால் ஒரு விடை, தி.மு.க. உத்தரவோடு ஒப்பிட்டால் இன்னொரு விடை வரலாம்.

வராதவர் கணக்கு

அவையில் இருந்து வாக்களிப்போரில் பெரும்பான்மை போதும் என்பதுதான் சாதாரண மசோதாவுக்கு விதி. ஆகவே வெளியே போகிறவர், வெல்லத் தேவையான எண்ணிக்கையைக் குறைத்துவிட்டுப் போகிறார்.

மாநிலங்களவையில் முத்தலாக் மசோதா 99–84இல் நிறைவேறியது. அப்போது அ.தி.மு.க.வுக்கு 11 பேர், ஐக்கிய ஜனதா தளத்துக்கு 6 பேர். இரண்டுமே மசோதாவை ஏற்கவில்லை என்றுதான் சொல்லின, இரண்டுமே வெளிநடப்புச் செய்தன. அந்த 17 பேரும் உட்கார்ந்து சிவப்புப் பொத்தானை அழுத்தியிருந்தால் 84 என்பது 101 ஆகியிருக்கும். வெளிநடப்பை 'எதிர்த்தார்கள்' என்று எழுதுவதா, 'வழிவிட்டார்கள்' என்று எழுதுவதா? இரண்டையும் எழுதிவிட்டு எண்ணிக்கையையும் பக்கத்தில் போடுவதே நேர்மை.

குடியுரிமை மசோதாவில் கணக்கு இன்னும் நேரடி. மாநிலங்களவையில் 125–105. அ.தி.மு.க.வின் 11 வாக்கும் எதிர்ப்பக்கம் போயிருந்தால் 114–116.

சதவீதத்தில் ஒளியும் வித்தை

ஒரு கற்பனை எம்.பி.யை எடுத்துக்கொள்வோம். 40 டிவிஷன் நடந்தது. 30க்கு வந்தார். 27இல் கட்சியோடு, 1இல் எதிராக, 2இல் மஞ்சள் பொத்தான்.

ஆம், இல்லை என்று வாக்களித்தவற்றை மட்டும் எடுத்தால் 28க்கு 27, அதாவது 96.4%. வந்தவற்றை எல்லாம் எடுத்தால் 30க்கு 27, 90%. நடந்தவற்றை எல்லாம் எடுத்தால் 40க்கு 27, 67.5%. ஒரே ஆள், மூன்று விடை, மூன்றுமே சரியான கணக்கு. எதை எதால் வகுத்தோம் என்று சொல்லாத சதவீதத்தைக் கண்டால் ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்த ஓட்டை, ஏறக்குறைய ஒருமனதான வாக்கெடுப்புகள். 2023 செப்டம்பரில் மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் 454–2இல் நிறைவேறியது. இப்படிப்பட்டவற்றைச் சேர்க்கச் சேர்க்க எல்லோருடைய சதவீதமும் ஏறும், யாரைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. அமெரிக்காவில் இதற்கு ஒரு வடிகட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு கட்சியின் பெரும்பான்மையும் மறு கட்சியின் பெரும்பான்மையும் எதிரெதிராக நின்ற வாக்கெடுப்புகளை மட்டும் எடுத்து, அவற்றில் எத்தனை முறை ஒருவர் தம் கட்சியோடு நின்றார் என்று எண்ணுகிறார்கள். அதைக் கட்சி ஒற்றுமை மதிப்பெண் என்று சொல்லலாம்.

அங்கே அந்த எண்ணுக்கு எடை அதிகம், கட்சியை மீறினால் பதவி போகாது என்பதால். 2017 ஜூலை 28 அன்று ஜான் மெக்கெய்ன் உள்ளிட்ட மூன்று குடியரசுக் கட்சி செனட்டர்கள் சொந்தக் கட்சியின் மருத்துவக் காப்பீட்டு மசோதாவை 49–51இல் தோற்கடித்தார்கள். செனட்டர் பதவி பத்திரமாக இருந்தது. பிரிட்டனில் 2019 செப்டம்பர் 3 அன்று அரசை எதிர்த்து வாக்களித்த 21 கன்சர்வேட்டிவ் எம்.பி.க்களை நாடாளுமன்றக் கட்சியிலிருந்து நீக்கினார்கள், ஆனால் எம்.பி.யாக அவர்கள் தொடர்ந்தார்கள். இந்திய எம்.பி.யின் 99ஐயும் அமெரிக்க செனட்டரின் 99ஐயும் பக்கத்தில் வைத்துப் பேசுவது, பரீட்சை எழுதியவனையும் விடையைப் பார்த்து எழுதியவனையும் ஒப்பிடுவது போல.

அங்கும் பொறி உண்டு. 2013 ஏப்ரலில் துப்பாக்கி வாங்குவோர் பின்னணியைச் சரிபார்க்கும் திருத்தம் செனட்டில் தேவையான 60ஐ எட்டாது என்று தெரிந்ததும், அதை முன்னெடுத்த தரப்பின் தலைவர் ஹாரி ரீட் 'இல்லை' என்று வாக்களித்தார். தோற்றதை மறுபடி எடுக்கக் கோரும் உரிமை வென்ற பக்கத்தில் வாக்களித்தவருக்கே உண்டு என்பது செனட் விதி. பதிவேட்டில் அவர் எதிர்த்தவர்!

நீங்களே பார்க்க

சன்சத் டாட் இன் தளத்தில் இரு அவைகளின் விவாதங்களும் நாள்வாரியாக இருக்கின்றன. மசோதா நிறைவேறிய நாளின் கோப்பைத் திறந்து, டிவிஷன் என்ற சொல்லைத் தேடுங்கள். இல்லையென்றால் குரல் வாக்கெடுப்பு, அதோடு தேடல் முடிந்தது.

இருந்தால், எதன் மீதான வாக்கெடுப்பு என்று முதலில் பாருங்கள். ஒரே மசோதாவுக்கு அறிமுகம், பரிசீலனை, ஒவ்வொரு திருத்தம், நிறைவேற்றம் என்று பல வரும். முத்தலாக் மசோதாவைத் தெரிவுக்குழுவுக்கு அனுப்பும் தீர்மானம் 84–100இல் தோற்ற பிறகே மசோதாவின் மீது வாக்கெடுப்பு நடந்தது. 'இல்லை' என்று பதிவானது மசோதாவுக்கா, அதன் மீது வந்த திருத்தத்துக்கா என்று பார்க்காமல் விட்டால் பொருள் தலைகீழாகும்.

பிறகு பெயர்ப் பட்டியல். ஆங்கில அகரவரிசையில், குடும்பப்பெயர் முன்னால் வரும்படி இருக்கும். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது என்பதால் கொஞ்சம் தேட வேண்டும். தயாநிதி மாறனை 'மாறன்' என்றும், கனிமொழியைக் 'கருணாநிதி' என்றும் தேடுங்கள். பட்டியலின் அடியில் சீட்டில் வாக்களித்தவர்கள் பற்றிய குறிப்பு இருக்கும், அதையும் விடாதீர்கள். பெயருக்குப் பக்கத்தில் கட்சி இருக்காது, நாம்தான் சேர்க்க வேண்டும்.

பெயர் இல்லையென்றால் உடனே 'ஓடிப்போனார்' என்று எழுதிவிடாதீர்கள். சபாநாயகர், வாக்குகள் சமமாக வந்தால் தவிர, வாக்களிப்பதில்லை. நிர்மலா சீதாராமன் மக்களவையில் பட்ஜெட் வாசிப்பார், விவாதத்துக்குப் பதில் சொல்வார், ஆனால் மாநிலங்களவை உறுப்பினர் என்பதால் மக்களவையில் வாக்களிக்க முடியாது.

டிவிஷனே இல்லாத மசோதாவுக்கு மிஞ்சுவது அவர் பேச்சுதான். வேளாண் மசோதாக்களை அ.தி.மு.க. தலைமை ஆதரித்தபோது, அதன் மாநிலங்களவை உறுப்பினர் எஸ்.ஆர். பாலசுப்பிரமணியன் அவையில் அவற்றைக் கடுமையாக விமர்சித்துப் பேசினார். வாக்குப் பதிவேட்டில் அவருக்கும் கட்சிக்கும் இடையே எந்த வேறுபாடும் இல்லை. அவை நடவடிக்கைக் குறிப்பில் அவர் பேசியது அப்படியே இருக்கிறது.